உங்கள் டொமைன் யார் பேரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்

என் பெயரையே முகவரியாகக் கொண்ட பழைய இணையதளத்தைத் திறந்தால் இப்போது சூதாட்ட விளம்பரம் வருகிறது. அதை நடத்துவது நான் அல்ல. அந்த முகவரியிலிருந்து மெயில் வந்தால் அதுவும் நான் அனுப்பியது அல்ல. தேர்வுக்கு ஸ்க்ரைப் கேட்டு அங்கே எழுதியவர்கள் தயவுசெய்து மறுபடி அதற்கு எழுத வேண்டாம். அவசரமான விஷயம் இவ்வளவுதான். இனி நடந்தது.

என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், அந்தத் தளத்தை இரண்டு காரியத்துக்காக வைத்திருந்தேன். ஒன்று அந்துப்பூச்சி. இரவில் வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கைப் போட்டுவிட்டு, வந்து உட்காருவதையெல்லாம் படம் எடுத்து, இனம் தெரிந்தவரை பெயர் போட்டு ஏற்றுவேன். (பட்டாம்பூச்சிப் படத்துக்கு விழும் லைக்கில் கால்வாசிகூட இதற்கு விழாது. பழகிவிட்டது.) இன்னொன்று, பார்வையற்ற மாணவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தரும் ஸ்க்ரைப் வேலை. நானும் எழுதுவேன், எழுத ஆள் தேடியும் அனுப்புவேன். மாணவர் என் தளத்தில் ஒரு படிவம் நிரப்பினால் பாடம், தேர்வுத் தேதி, போன் நம்பர் எல்லாம் என் பெயரிலேயே இருந்த மெயிலுக்கு வந்து சேரும்.

தளம் அமைத்துக் கொடுத்தது ஒரு சின்ன நிறுவனம். டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் இடம்), மெயில், டிசைன் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒரு தொகை. ஆரம்பத்திலேயே கேட்டேன், டொமைன் யார் பேரில் பதிவாகும் என்று. "உங்க பேர்லதான் மேடம், வேற யார் பேர்ல போடப்போறோம்?" என்றார்கள். பில்லிலும் 'டொமைன் பதிவு' என்று தனி வரி இருந்தது, காசும் தனியாக வாங்கினார்கள். சில வருடம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் கட்டணம் ஒரேயடியாக ஏறியது. வேறு இடத்துக்கு மாறிக்கொள்கிறேன், டொமைன் மாற்றுவதற்கான குறியீட்டைக் கொடுங்கள் என்று எழுதினேன். பதில் இல்லை. போன் செய்தால், "டெக்னிக்கல் டீம்கிட்ட சொல்லியிருக்கோம்." அந்த டெக்னிக்கல் டீம் எந்தக் கிரகத்தில் உட்கார்ந்திருந்ததோ. கடைசியில் விஷயம் வெளியே வந்தது: "டொமைன் எங்க கம்பெனி அக்கவுன்ட்ல இருக்கு மேடம். ரிலீஸ் பண்ண தனி சார்ஜ்." தளம் அமைக்க வாங்கிய மொத்தத் தொகையைவிட அந்த 'ரிலீஸ் சார்ஜ்' அதிகம்.

வீடு கட்டக் கூப்பிட்ட மேஸ்திரி பத்திரத்தைத் தன் பேரில் பதிந்துகொண்ட கதைதான். பதிவு விவரத்தைத் தேடிப் பார்த்தால், உரிமையாளர் இடத்தில் அவர்கள் நிறுவனத்தின் பெயர். தொடர்பு மெயிலும் அவர்களுடையது. இந்த மெயில்தான் சாவி. .காம், .ஆர்க் போன்ற பெயர்களுக்கு, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் (ICANN) அமைப்பின் விதி உண்டு. காலாவதியாவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனம், தளம் அமைத்தவர்கள் அல்ல) உரிமையாளருக்கு நினைவூட்ட வேண்டும். மாற்றும் குறியீட்டை உரிமையாளர் கேட்டால் 5 நாட்களுக்குள் தர வேண்டும். எல்லாம் நல்ல விதிதான். ஆனால் ஏட்டில் உரிமையாளர் நான் இல்லையே. பில்லையெல்லாம் இணைத்துப் பதிவு நிறுவனத்துக்கு எழுதினேன். எங்கள் ஆவணத்தில் உள்ளவரோடு பேசிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகக் கைகழுவினார்கள்.

பணம் கட்ட மறுத்தேன். அவர்கள் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். காலாவதியானால் என்ன, வெளியே வரும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று சிலர் தைரியம் சொன்னார்கள். அது அவ்வளவு சுலபம் இல்லை. .காம் போன்ற பெயர் காலாவதியானால் 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம், நீக்கிய பிறகு மீட்க இன்னும் 30 நாள், அதற்கப்புறம் 5 நாள் கழித்துத்தான் பொதுவுக்கு வரும். அந்தக் கடைசி 5 நாளுக்கு முன்புவரைதான் மீட்க முடியும், அந்த உரிமையும் பதிவில் உள்ளவருக்கு மட்டுமே. அதற்குள்ளாகவே பல பதிவு நிறுவனங்கள் ஏலத்தில் விட்டுவிடும். நாலு நல்ல தளங்கள் இணைப்புக் கொடுத்திருக்கும் பழைய பெயர் என்றால், தேடலில் மேலே வர உதவும் என்று சூதாட்டக்காரர்களுக்கு அல்வா. தகராறு தீர்க்க ஐகானின் யூடிஆர்பி முறை 1999இலிருந்தே இருக்கிறது, ஆனால் அங்கே போக வர்த்தகக் குறியீட்டு உரிமையைக் காட்ட வேண்டும். அந்துப்பூச்சிப் படம் போடுகிறவளிடம் என்ன வர்த்தகக் குறியீடு இருக்கப்போகிறது?

தளம் போனதுகூடப் பெரிதில்லை, படங்களின் மூலக்கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. மெயில் போனதுதான் அடி. டொமைன் யார் கையில் இருக்கிறதோ அவர் அந்தப் பெயரில் எந்த முகவரியை வேண்டுமானாலும் உருவாக்கலாம், அங்கே வரும் எந்தக் கடிதத்தையும் வாங்கலாம். 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று தட்டினால் வரும் கடிதம் உட்பட. உயிரினப் படங்களை ஏற்றி இனம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் என் கணக்கு, புகைப்படக் கணக்கு, தன்னார்வலர் அட்டவணை எல்லாம் அந்த ஒரு மெயிலில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. போனில் லாகின் உயிரோடு இருந்ததால் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து மாற்றினேன். சில தளங்கள், மெயிலை மாற்றப்போகிறீர்களா என்று பழைய மெயிலுக்கே கேட்டு எழுதின. அங்கெல்லாம் ஆதரவுக் குழுவிடம் மன்றாட வேண்டியிருந்தது. புளூஸ்கை சமூக வலைத்தளத்தில் டொமைனையே பயனர் பெயராக வைத்திருந்தேன், அது செல்லாத பெயர் என்று காட்டத் தொடங்கியது. நல்லவேளை, அங்கே அடியில் ஒரு நிரந்தர அடையாள எண் இருப்பதால் பதிவுகளும் பின்தொடர்பவர்களும் தங்கினார்கள், பெயரை மட்டும் மாற்றினால் போதுமாயிருந்தது.

ஆனால் ஒரு மாணவியின் கடிதத்தை எந்த ஆதரவுக் குழுவும் மீட்டுத் தராது. செமஸ்டர் தேர்வுக்கு ஆள் கேட்டுப் படிவம் நிரப்பியிருக்கிறாள். எனக்கு வரவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் யாரிடமோ நம்பர் வாங்கிக் கூப்பிட்டாள்: "அக்கா, எழுதியிருந்தேனே, பதிலே இல்லையே. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" அவசரத்துக்கு ஒரு தம்பியைப் பிடித்து அனுப்பினோம். அவனுக்குக் கணிதக் குறியீடுகள் பழக்கமில்லை. ஒவ்வொரு வரியையும் அவள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்ததாம், கடைசிக் கேள்வியைத் தொடவே நேரமில்லை. ரிலீஸ் சார்ஜ் கேட்டவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

உங்களிடம் சொந்தப் பெயரில் தளம் இருந்தால், ஐகானின் தேடல் பக்கத்தில் அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள். .காம் போன்ற பெயர்களின் பதிவு விவரம் தேட, 2025 ஜனவரி 28 முதல் பழைய ஹூயிஸ் முறைக்குப் பதில் ஆர்டாப் என்ற முறைதான் அதிகாரபூர்வம். தனியுரிமை காரணமாக உரிமையாளர் பெயர் மறைந்திருக்கலாம். மறைந்திருந்தால் அதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பதிவு நிறுவனம் எது என்பது மட்டும் கட்டாயம் தெரியும். அந்த நிறுவனத்தில் உங்கள் மெயிலால், உங்கள் பாஸ்வேர்டால் உள்ளே போக முடிகிறதா? முடியாவிட்டால் பெயர் உங்களுடையது என்பதற்கு உங்கள் கையில் ஒன்றுமில்லை. அந்தக் கணக்கின் தொடர்பு மெயிலாக அதே டொமைனின் மெயிலைக் கொடுக்காதீர்கள், பெயர் முடங்கினால் நினைவூட்டலும் சேர்ந்தே முடங்கும்.

உறவு நன்றாக இருக்கும்போதே எழுத்தில் கேளுங்கள்: 'பதிவு உரிமையாளராக என் பெயரையும் என் மெயிலையும் போட்டு, திரைப்பிடிப்பு அனுப்புங்கள்.' ஒழுங்கான நிறுவனத்துக்கு இது சில நிமிட வேலை. இழுத்தடித்தால் அடுத்த கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பே சண்டை போடுங்கள், கட்டிய பிறகு உங்கள் போனை யாரும் எடுக்க மாட்டார்கள். உங்கள் பெயர் பதிவில் இருந்தும் குறியீடு தராமல் பதிவு நிறுவனம் 5 நாளைத் தாண்டினால் ஐகானிடம் நேரடியாகப் புகார் செய்யலாம். ஆனால் ஐகானின் ஒப்பந்தம் பதிவு நிறுவனத்தோடுதான், இடையில் இருக்கும் தளம் அமைப்பவரோடு இல்லை. ஆகவே புகாரில் பதிவு நிறுவனத்தின் பெயரைப் போடுங்கள்.

ஸ்க்ரைப் தேவைப்படும் மாணவர்கள் இனி எங்கள் ஸ்க்ரைப் குழு ஒருங்கிணைப்பாளரின் போனுக்கே கூப்பிடலாம், நம்பர் உங்கள் கல்லூரி மையத்தில் இருக்கிறது. பழைய சுவரொட்டி எங்காவது ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள்.