ஐந்து ஐமேக்கும் ஒரு செக்ரோலும்: மேக் ஓஎஸ் 9 கூடத்தில் நான்கு வருடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மண்டபத்தின் பின்னறையில் ஐந்து ஐமேக் ஜி3 கணினிகள் இருக்கின்றன. 1999இல் வந்த 333 மெகாஹெர்ட்ஸ் வகை, 6 ஜிபி ஹார்டிஸ்க். ஈப்போவில் ஓர் அலுவலகம் காலி செய்தபோது குப்பைக்குப் போக இருந்தவற்றை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். 32 எம்பி நினைவகத்தோடு வந்தவற்றுக்கு ஆளுக்கு 128 எம்பி கூடுதலாகப் போட்டு, ஆப்பிளின் பழைய இயங்குதளமான மேக் ஓஎஸ் 9.2.2 ஏற்றினேன். சனிக்கிழமை காலையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுமாக இருபது பேர் வருவார்கள். தட்டச்சு, படம் வரைவது, ஆப்பிள்வொர்க்ஸில் கட்டுரை எழுதுவது, அவ்வளவுதான். இணையம் இல்லை. கேட்பவர்களிடம் அதற்காகத்தான் இந்தக் கணினிகள் என்று சொல்லிவிடுவேன்.

இந்த நான்கு வருடத்தில் நான் அதிகம் மல்லுக்கட்டியது எக்ஸ்டென்ஷன்களோடு, அதாவது கணினி தொடங்கும்போது சிஸ்டத்தோடு சேர்ந்து ஏறும் சின்னத் துணை நிரல்களோடு. கணினி ஏறும்போது திரையின் அடியில் சின்னச் சின்னப் படங்கள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களுக்குப் பெயர் எடுக்கும் எழுத்தராக, இருந்தவர். முதல் தடவை பார்த்ததும், "பெரட்டுக்கு ஆள் வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். நான் யாருக்கும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

பெரட்டைப் போலவே இதிலும் வரிசை உண்டு. முதலில் எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டரில் உள்ளவை அகரவரிசையில் ஏறும், பிறகு கண்ட்ரோல் பேனல்ஸ் (அமைப்புகளை மாற்றும் நிரல்கள்). ஏறியது எல்லாம் சிஸ்டத்தின் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ஒரு நிரலின் நினைவகத்தில் இன்னொன்று கை வைக்காமல் தடுக்கும் காப்பு மேக் ஓஎஸ் 9இல் கிடையாது என்பதால், ஒன்று சறுக்கினால் மொத்தக் கணினியும் உறைந்துவிடும். யார் முன்னால், யார் பின்னால் என்பதில் அத்தனை பொருள் இருக்கிறது. பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளி போட்டால் அது வரிசையின் தலைக்குப் போய்விடும். ~ போட்டால் கடைசிக்கு.

முதல் வருடம் ஒருவர் பழைய ஸ்கேனர் ஒன்றைக் கொடுத்தார். அதன் டிரைவரைப் போட்ட நாளிலிருந்து மூன்றாம் எண் கணினி, ஆப்பிள்வொர்க்ஸில் பிரிண்ட் கொடுத்தால் உறைந்தது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஏற்றினால் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஏறாது. அப்படிப் பார்த்தால் உறைவதில்லை. சரி, குற்றவாளி உள்ளேதான். ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டு ஏற்றினால் எக்ஸ்டென்ஷன்ஸ் மேனேஜர் திறக்கும். இது சிஸ்டம் 7.5 காலத்திலிருந்தே, அதாவது 1994 முதல், கூடவே வரும் கருவி. அதில் பாதியை அணைத்துப் பார், மீதியில் பாதியை அணைத்துப் பார் என்று போனால் எண்பது உருப்படிகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க ஏழு தடவை மறுபடி ஏற்றினால் போதும். கணக்கு அப்படித்தான் சொல்லியது. நான் பதினாறு தடவை ஏற்றினேன்.

காரணம், குற்றவாளி ஒருவன் இல்லை. ஸ்கேனரின் எக்ஸ்டென்ஷன் தனியாக இருந்தால் நல்ல பிள்ளை. பிரிண்டருடையது தனியாக இருந்தாலும் நல்ல பிள்ளை. இரண்டும் சேர்ந்தால்தான் சண்டை. பாதி பாதியாகப் பிரிக்கும்போது இரண்டும் வேறு வேறு பாதிக்குப் போய்விட்டால் கணினி ஒழுங்காக ஓடும், நாம் ஏமாந்துபோவோம். இந்த இடத்தில்தான் கசாடி அண்ட் கிரீன் நிறுவனத்தின் கான்ஃப்ளிக்ட் கேச்சர் உதவியது. லோரியில் வந்த பெட்டி ஒன்றிலேயே அதன் சிடியும் கிடந்தது. நிறுவனம் 2003இல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் மென்பொருள் இன்றும் ஓடுகிறது. "இன்னும் உறைகிறதா" என்று அது கேட்கும், நாம் ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். சேர்ந்தால் சண்டை போடும் சோடியையும் பிடித்துத் தரும். கடைசியில் ஸ்கேனர் எக்ஸ்டென்ஷனின் பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளி போட்டேன். அது முதலில் ஏறியது, சண்டை நின்றது. ஏன் நின்றது என்று இன்றுவரை புரியவில்லை, அதைக் கிளறவும் நான் தயாராக இல்லை.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. மேக் ஓஎஸ் 9.2.2 பேஸ் என்ற அடிப்படை எக்ஸ்டென்ஷன் தொகுப்பு மேனேஜரிலேயே பூட்டோடு இருக்கிறது. அதை நகலெடுத்து, பிரிண்டர், ஆப்பிள்வொர்க்ஸ், மல்டிபிள் யூசர்ஸ் (ஒரே கணினியில் பல கணக்குகள் வைக்கும் வசதி) ஆகியவற்றுக்குத் தேவையானவற்றை மட்டும் சேர்த்து, ஐந்திலும் ஒரே தொகுப்பாக வைத்துவிட்டேன். ஸ்கேனருக்கு மூன்றாம் எண்ணில் தனித் தொகுப்பு. எந்தக் கணினியில் எந்தத் தேதியில் என்ன சேர்த்தோம் என்று எழுத ஒரு நோட்டு. அதற்கு அப்பா வைத்த பெயர் செக்ரோல், தோட்டத்தில் ஆள் வருகையை எழுதும் பதிவேட்டின் பெயர்.

யார் எதைத் தொடலாம் என்பது அடுத்த தலைவலி. ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே கணக்குதான். தமிழ் எழுத கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துருவைப் போட்டிருந்தோம். ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும் அந்தக் காலத்து முறை. படிவம் இரண்டு பையன் ஒருவன் அப்பியரன்ஸ் கண்ட்ரோல் பேனலில் ஃபோல்டர் பெயர்களுக்கான எழுத்துருவை மயிலைக்கு மாற்றிவிட்டான். அடுத்து உட்கார்ந்த டீச்சர் கூப்பிட்டார்: "அண்ணே, இதுல பேரெல்லாம் தமிழ்ல இருக்கு, ஆனா தமிழ் இல்ல!" சிஸ்டம் ஃபோல்டர்கூட வாயில் நுழையாத ஏதோ எழுத்துக்கூட்டமாக நின்றது.

மல்டிபிள் யூசர்ஸ் மேக் ஓஎஸ் 9இன் கூடவே வருவது. இதில் மூன்று வகைக் கணக்கு உண்டு. நார்மல் கணக்குக்குக் கிட்டத்தட்ட எல்லாம் திறந்திருக்கும். லிமிடெட் கணக்கில் எந்த மென்பொருள், எந்தக் கண்ட்ரோல் பேனல் என்று நாம்தான் தேர்ந்து கொடுக்க வேண்டும். பேனல்ஸ் கணக்கில் டெஸ்க்டாப்பே கிடையாது, பெரிய பெரிய பட்டன்கள் மட்டும். 90களின் தொடக்கத்தில் வந்த ஆப்பிளின் அட் ஈஸ் மென்பொருளை நினைவூட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு பேனல்ஸ், பெரியவர்களுக்கு லிமிடெட். ஆளுக்கொரு கணக்கு வைத்துப் பார்த்தோம், பாஸ்வர்டை மறந்துவிட்டு வரிசையில் நிற்பதிலேயே அரை மணி நேரம் போனது. இப்போது வகுப்புக்கு ஒரு கணக்கு. குரலைப் பாஸ்வர்டாக வைக்கும் வசதியும் உண்டு. மின்விசிறிச் சத்தத்திலும் இருபது பிள்ளைகளின் கூச்சலிலும் அது என்னையே அடையாளம் காணவில்லை. ஒரே நாளில் அணைத்துவிட்டேன்.

இதைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. சிஸ்டம் சிடியைப் போட்டு சி விசையை அழுத்திக்கொண்டு ஏற்றினால், கணக்கும் கிடையாது, தடையும் கிடையாது, ஹார்டிஸ்க் முழுதும் திறந்து கிடக்கும். மாடு புகாமல் இருக்கப் போட்ட வேலி, திருடனுக்கு அல்ல. எங்களுக்கு அது போதும். சிஸ்டம் சிடிகள் இரும்பு அலமாரியில், சாவி டீச்சரிடம். ஆனால் குயிக்டைம் செட்டிங்ஸில் சிடி ஆட்டோபிளேயை (சிடியைப் போட்டதும் அதிலுள்ள நிரலைத் தானாக ஓட்டுவது) மட்டும் கட்டாயம் அணையுங்கள். 1998இல் பரவிய ஆட்டோஸ்டார்ட் புழு (தானாகப் பரவும் வைரஸ்) அந்த வழியாகத்தான் நுழைந்தது. சிஸ்டத்தின் சொந்த எக்ஸ்டென்ஷன் மாதிரி பெயர் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் பெரட்டில் வந்து நிற்கும். எங்களுக்கு வரும் பழைய சிடிகள் எங்கெங்கோ சுற்றி வந்தவை.

பிறகு இடி. சாயங்காலமானால் இங்கே இடிதான், அதனால் வகுப்பு முடிந்ததும் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுகிறோம். கடிகாரத்தை ஓட்டும் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி, பிளக் இல்லாத வாரம் முழுதும் தனியாகச் சுமக்க வேண்டியிருப்பதால் சீக்கிரம் செத்துவிடுகிறது. செத்தால் தேதி 1904 ஜனவரி 1. போன மாதம் இரண்டாம் எண்ணில் ஒரு பிள்ளை எழுதிய "என் தோட்டம்" கட்டுரை, அவள் கொள்ளுத் தாத்தா கப்பலேறும் முன்பே எழுதப்பட்டதாகக் காட்டியது.

செக்ரோலில் கடைசியாக எழுதியிருப்பது: "எண் 2, பேட்டரி மாற்ற வேண்டும். எண் 5, யாரோ கேம் போட்டிருக்கிறார்கள், விசாரிக்கவும்." கேம் போட்டது அப்பா. ஓனர் பாஸ்வர்டு அவருக்கும் தெரியும்.