வாய்ப்புற்றுப் பரிசோதனை: அரசாங்கப் பல் கிளினிக்கில் அம்மாவோடு ஒரு காலை

"பல்லே இல்லாதவளுக்குப் பல் டாக்டர் எதுக்குடி?"

மூன்று மாதமாக அம்மா சொன்ன பதில் இதுதான். அம்மாவுக்கு வயது 71. வாயில் மிஞ்சியிருப்பது ஆறு பல், அதுவும் காவியேறிக் கறுத்தவை. ஆனால் நான் கூட்டிப்போக நினைத்தது பல்லுக்காக இல்லை. கன்னத்தின் உட்புறம், நாக்கு, ஈறு எல்லாவற்றையும் ஒருவர் விளக்கடித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக. இங்கே மலேசியாவில் அரசாங்கப் பல் கிளினிக்கில் வாய்ப்புற்றுக்கும் பரிசோதிப்பார்கள் என்பது நம்மவர்களில் நிறைய பேருக்குத் தெரியாது. எனக்கே போன வருஷம்தான் தெரிந்தது. போய்வந்ததை அப்படியே எழுதுகிறேன். வெற்றிலை போடும் அம்மாவோ அத்தையோ மாமியாரோ வீட்டில் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

அம்மா நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் பால்மரம் வெட்டப் போனார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போதே வாயில் வெற்றிலை இருக்குமாம். பசி தெரியாது, கொசுக்கடி மறந்துபோகும் என்பார். தோட்டம் போய், லயத்து வீடு போய், நாங்கள் பட்டர்வொர்த் அடுக்குமாடிக்கு வந்த பிறகும் அந்தப் பித்தளைப் பெட்டி மட்டும் கூடவே வந்தது. பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பி, கிள்ளிப்போட ஒரு கட்டுப் புகையிலை, துப்புவதற்குக் காலிப் பால் டின். பல் விழுந்த பிறகு சின்ன இரும்பு உரலில் இடித்துப் போட்டுக்கொண்டார். அடக்கிக்கொள்வது எப்போதும் இடது கன்னம். பல நாள் அதை அடக்கியபடியே தூங்கிப்போவார்.

பெரியம்மாவுக்கும் இதே பழக்கம். 2016-இல் அவர் கன்னத்தில் ஒரு புண் வந்தது. ஒரு தனியார் கிளினிக்கில் பல்செட் உரசுகிறது என்று சொல்லிக் களிம்பும் விட்டமின் மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறவில்லை என்று திரும்பப் போனோம், அதே களிம்பு. மூன்றாம் தடவையும் அதேதான். ஏழு மாதம் இப்படியே ஓடியது. கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கடைசி நான்கு மாதம் கஞ்சித் தண்ணீர்கூட மூக்குக் குழாய் வழியாகத்தான் இறங்கியது. அந்த ஏழு மாதத்தை நான் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன். அரசாங்கத்தின் மைசெஜாத்ரா சுகாதாரச் செயலியில் பல் சிகிச்சைக்கான இடத்தில் நாள் எடுத்தேன். ஒன்பது மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள், உள்ளே கூப்பிட்டது பத்தே முக்காலுக்கு. வயதானவர்களோடு போகிறவர்கள் அதற்குத் தகுந்தாற்போல் சாப்பாடும் மருந்தும் எடுத்துக்கொண்டு போங்கள். நானும் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கும் பதிந்தேன், பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்).

டாக்டர் இளம் மலாய்ப் பெண். உதவிக்கு நின்ற மிஸ்ஸி (தாதி) தமிழ்ப் பெண், அது எங்கள் அதிர்ஷ்டம். வாயைத் திறக்கச் சொல்லுமுன் கேள்விகள். எத்தனை வருஷமாகப் போடுகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, புகையிலை உண்டா, எந்தப் பக்கம் அடக்குவீர்கள், தூங்கும்போதும் இருக்குமா.

"ரெண்டு வாய்தான் போடுவேன்" என்றார் அம்மா.

"ம்மா, எட்டு" என்றேன்.

மிஸ்ஸி சிரிக்காமல், "பாட்டி, நாங்க திட்ட மாட்டோம். சரியாச் சொன்னாத்தான் சரியாப் பாக்க முடியும்" என்றார். அதற்குப் பிறகு அம்மா உள்ளதை உள்ளபடி சொன்னார்.

பரிசோதனையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் கழுத்து. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் விரல் நுனியால் மெல்ல அழுத்தி நெறி இருக்கிறதா என்று தேடினார். பிறகு உதட்டை மடித்துப் பார்த்தார். கன்னத்தை விலக்கி விளக்கடித்தார். ஒரு விரல் உள்ளே, மறு கை வெளியே வைத்துக் கன்னத்தின் சதையை உருட்டிப் பார்த்தார், கட்டி இருந்தால் அகப்படும் என்றார். நாக்கு நுனியை மருந்துத் துணியால் பிடித்து வலப்பக்கம் இழுத்து, இடப்பக்கம் இழுத்து, ஓரங்களைக் கடைசிவரை பார்த்தார். நாக்கின் ஓரத்திலும் அடியிலும் வருவது கண்ணாடியில் சட்டென்று நம் கண்ணில் படாது என்று விளக்கினார். அடுத்து நாக்கின் அடி, மேலண்ணம், தொண்டை வாசல்.

கடைசியாக, வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க ஒன்று செய்யச் சொன்னார். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து முன்வாயில் நிமிர்த்தி நுழைக்க வேண்டும். எனக்குச் சுலபமாகப் போனது. அம்மாவுக்கு இரண்டு விரல்தான் போனது. மூன்றாவதை எவ்வளவு முயன்றும் முடியவில்லை. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஊசி இல்லை, வலி இல்லை.

இடது கன்னத்தில், அந்தப் பழைய இடத்திலேயே, இருபது காசு அளவில் ஒரு வெள்ளைத் திட்டு. டாக்டர் துணியால் துடைத்தார், போகவில்லை. ஓரத்தில் கொஞ்சம் சிவந்திருந்தது. படமெடுத்துத் திரையில் காட்டினார். அம்மா தன் கன்னத்தின் உட்புறத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார். "இது என் வாயா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

இந்த இடத்தில் அந்த டாக்டரின் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். வெள்ளைத் திட்டு என்றாலே புற்று என்று அர்த்தமில்லை, ஆனால் சிலருக்கு அது மெல்ல மாறலாம், சிவப்பு கலந்திருந்தால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்றார். வாய் சுருங்கியதற்குக் காரணம் பாக்கு. பாக்கில் உள்ள அரெக்கோலின் என்ற பொருள் கன்னத்துச் சதையை நாராக இறுகவைக்கிறது. இறுகியது பழையபடி தளராது, நிறுத்தினால் மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம். அப்போது அவர் கேட்டார்: காரம் எரிகிறதா? எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக அம்மா சம்பல் தொடுவதில்லை. ரசத்தில் மிளகு கூடினாலும் தட்டைத் தள்ளிவிடுவார். வயதாகிவிட்டது, காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அதுவே ஓர் அறிகுறியாம்.

நம்மவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: புகையிலைதான் கெடுதல், வெறும் வெற்றிலை பாக்கு ஜீரணத்துக்கு நல்லது. வீட்டுக்கு வந்ததும் இதைத் தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்படுத்தியிருக்கிறது. பாக்கு மட்டுமேகூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தவரைவிட இந்தியர்களுக்கே அதிகம், அதிலும் நம் பெண்களுக்கு. அந்தக் காவிப் பற்களுக்குப் பின்னால் எத்தனை தோட்டத்துக் காலைகள் இருக்கின்றன என்று நினைத்தால் மனசு கனக்கிறது. ஆண்களும் தப்பவில்லை. சிகரெட்டும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் ஒன்றாகச் சேரும்போது ஆபத்து பல மடங்காகிறது.

டாக்டர் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கொடுத்தார். தேதி கிடைக்க ஐந்து வாரம் ஆனது, அந்த ஐந்து வாரமும் எனக்குத் தூக்கமில்லை. இது குறைதான், சொல்லாமல் இருக்க முடியாது. சதையைக் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். மரத்துப்போகும் ஊசி, இரண்டு தையல், மூன்று நாள் கஞ்சி. முடிவு வந்தது: புற்று இல்லை, செல்களில் லேசான மாற்றம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு குறை மொழி. அன்று எங்களுக்குக் கொடுத்த துண்டுப்பிரசுரம் மலாயில் இருந்தது, ஆங்கிலத்திலும் இருந்தது, தமிழில் இல்லை. இந்த நோய் யாரை அதிகம் பிடிக்கிறது என்று தெரிந்தும் தமிழில் ஒரு பக்கம் இல்லாதது வருத்தம். அந்த மிஸ்ஸி அன்று விடுமுறையில் போயிருந்தால் அம்மாவுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். மாடிப்படி ஏற வேண்டியிருந்ததும் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தாலும், போய்வந்ததில் எனக்குப் பூரண திருப்தி. கையால் தொட்டு, துணியால் துடைத்து, விரல் வைத்து அளந்து பார்த்தார்கள். பெரியம்மாவுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

அம்மா புகையிலையை அன்றே விட்டார். பாக்கை விட ஏழு வாரம் பிடித்தது. முதலில் அடக்கிக்கொண்டு தூங்குவதை நிறுத்தினோம், பிறகு காலை, பிறகு மத்தியானம். இப்போது அந்தப் பித்தளைப் பெட்டியில் சோம்பும் இரண்டு ஏலக்காயும் இருக்கின்றன. கை பழக்கத்தில் உரலைத் தேடுவார், சோம்பை இடித்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை சாமிக்கு வைக்கும் வெற்றிலை பாக்கு அப்படியே தொடர்கிறது. அதையும் நிறுத்தச் சொல்வோமோ என்றுதான் முதலில் பயந்தார். தாம்பாளத்தில் வைக்கும் பாக்கு யாரையும் ஒன்றும் செய்யாது, வாயில் அடக்கும் பாக்குதான் என்று சொன்ன பிறகே சமாதானமானார். என் மனக்குறை பலசரக்குக் கடைகளில் பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும் இனிப்புப் பாக்குப் பொட்டலங்கள் மேல்தான். மிட்டாய் என்று நினைத்து வாங்கிக் கொடுக்காதீர்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கன்னத்தில் தடிப்பு, வாய் திறப்பதில் சிரமம், விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். ஒன்றுமே இல்லாவிட்டாலும் வெற்றிலை, புகை, மது பழக்கம் இருந்தால் போய்க் காட்டுங்கள். வாயைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பல்லோடு முடிந்துவிடலாம். ஐசி (அடையாள அட்டை) மறக்காதீர்கள். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலும் வேண்டும். பல்செட்டைக் கழற்றித்தான் பார்ப்பார்கள், அதற்கு ஒரு டப்பா கொண்டுபோங்கள். காவிப் பல்லைக் காட்ட வெட்கம் என்று நம் அம்மாக்கள் சொல்வார்கள். என் அம்மாவும் அன்று காலை கரியும் உப்பும் வைத்து ஈறு சிவக்கத் தேய்த்தார். அது தேவையில்லை.

அம்மாவுக்கு அடுத்த தேதி செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. எங்கள் புளோக் மூன்றாம் மாடி அக்காவும் கூட வருகிறார், அவருக்கும் அதே காலையில் பல் கிளினிக்கில் நேரம் கிடைத்திருக்கிறது. பட்டர்வொர்த் மாக் மண்டின் பக்கம் யாருக்காவது அம்மாவைக் கூட்டிப்போக வண்டி இல்லையென்றால் சொல்லுங்கள், காரில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது.