குழுக் கடனில் எதை வாங்கலாம்: கறவை மாடா, வெள்ளாடா?

நிலமில்லாத பெண்களிடம் மகளிர் குழுக் கடன் வந்ததும் எழும் கேள்வி இது. தமிழக அரசும் 2011-இல் விலையில்லாத் திட்டத்தில் இரண்டையும் கொடுத்தது: சிலருக்குக் கறவை மாடு, பரம ஏழைகளுக்கு நான்கு ஆடுகள்.

முதலீடு: ஒரு கலப்பின மாட்டின் விலையில் பல ஆடுகள் வாங்கலாம்.

வருமானம்:
மாடு – சங்கத்தில் பால் ஊற்றினால் தவறாமல் பணம். தவணை கட்டத் தோது.
ஆடு – சினைக்காலம் ஐந்து மாதம், பல ஈற்றில் இரட்டைக் குட்டி. ஆனால் குட்டி வளரும்வரை காசு இல்லை. அவசரத்துக்கு ஒன்றை மட்டும் சந்தைக்கு ஓட்டலாம். மாட்டில் பாதியை விற்க முடியுமா?

தீவனம்: ஆடு மேய்ந்து, கருவேலங்காய் தின்று பிழைக்கும். மாட்டுக்கு வைக்கோல், பசுந்தீவனம், தவிடு எல்லாமே காசு. பால் பணத்தில் பெரும்பகுதி அங்கேயே போகும். கடன் வாங்கும்போது பலர் விட்டுவிடும் கணக்கு இதுதான்.

நோய்: மடிநோய் வந்தால் பால் வருமானம் அப்படியே நிற்கும். ஆட்டுக்கொல்லி நோய் மந்தையையே வாரிக்கொள்ளும், தடுப்பூசி கட்டாயம்.

பால் சங்கம் பக்கத்தில், வீட்டோடு ஒரு ஆள் என்றால் மாடு. புறம்போக்கில் மேய்ச்சலும், மேய்க்க ஒரு அப்பத்தாவும் இருந்தால், என் ஓட்டு ஆட்டுக்கே. எதை வாங்கினாலும் முதல் தவணைக்கு முன்பே காப்பீடு எடுத்துவிடுங்கள்.