நாக்டுவா என்எஃப்-ஏ12எக்ஸ்25: ஃபேனும் பயாஸும் சேர்ந்தால்தான் அமைதி

மேசைக் கணினியின் ப்ராசசருக்காக நான் வாங்கிய இந்த 120 மில்லிமீட்டர் ஃபேனில், இறக்கையின் நுனிக்கும் சட்டத்துக்கும் இடையே வெறும் 0.5 மில்லிமீட்டர் இடைவெளியே இருப்பதால், ப்ராசசரின் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்கின் நெருக்கமான தகடுகளுக்குள்ளும் காற்று வலுவாகப் புகுகிறது. விலை அதிகம்தான், ஆயினும் தரம் அதற்கு ஈடாகவே உள்ளது.

முதல் வாரம் மட்டும் எரிச்சலாக இருந்தது. மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் மென்பொருளான பயாஸில், ஃபேனைச் செருகிய இணைப்பு முழு வேகத்தில் அமைந்திருந்ததால், கணினி சும்மா இருக்கும்போதும் ஃபேன் நிமிடத்துக்கு 2000 சுற்றுகளை ஒட்டியே சுழன்றது. நான்கு பின் (ஊசி) கொண்ட அந்த இணைப்பை, மின்துடிப்புகளால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் முறைக்கு மாற்றி, ப்ராசசரின் வெப்பம் 40 பாகை செல்சியஸ் ஆகும் வரை 30 சதவீதம் என வேகத்தை வரையறுத்தேன். ப்ராசசரின் வெப்பம் நொடிக்கு நொடி ஏறி இறங்கும்போது ஃபேனின் ஒலியும் ஏறி இறங்காதிருக்க, வேக மாற்றத்துக்குச் சில நொடித் தாமதமும் கொடுத்தேன். இப்போது இரவில், கணினிக்கு ஒரு முழத் தொலைவில் அமர்ந்தும் விசைப்பலகையின் ஒலி மட்டுமே கேட்கிறது.