மதியம் கண் சொக்கினால்: காபியா, குட்டித் தூக்கமா?

சாப்பாடு முடிந்து மணி 2. ஒரு டம்ளர் காபியா, 20 நிமிடம் தலை சாய்ப்பதா? இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையின் நரம்பு செல்களைச் சுற்றி அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வரும். அதற்கென்றே செல்களில் இருக்கும் இருக்கைகள் மாதிரியான ஏற்பிகளில் அது போய் உட்கார உட்கார, தூக்கம் சொக்கும்.

செயல்படும் விதம்
காபி: பஸ் சீட்டில் துண்டு போடுவது மாதிரி, காபியில் இருக்கும் கஃபீன் அந்த ஏற்பிகளில் இடம் பிடித்துவிடுகிறது. அடினோசின் எங்கும் போகவில்லை, நின்றுகொண்டே வருகிறது.
தூக்கம்: அடினோசினையே குறைக்கிறது.

வேகம்
காபி: அரை மணி நேரம் வரை ஆகும்.
தூக்கம்: 20 நிமிடத்தில் எழுந்தால் தெளிவு. ஒரு மணி நேரம் போனால் எழும்போது தலை கனக்கும்.

இரவுக்கு
காபி: உடலில் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம். மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் உள்ளேதான் இருக்கும்.
தூக்கம்: 3 மணிக்குள் முடித்தால் தொல்லையில்லை.

நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்புகளுக்கு
காபி: ஒன்றுமில்லை.
தூக்கம்: அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் எலி மூளையில் அளந்தார்கள். தூங்கிய பிறகு இணைப்புகளின் அளவு சராசரியாக 18 சதவீதம் சுருங்கியிருந்தது. விழித்திருக்கும்போது பெருத்தவை இப்படிச் சுருங்கி மறுநாளுக்குத் தயாராகின்றன என்பது அவர்கள் விளக்கம். ஆனால் அது பல மணி நேரத் தூக்கம். குட்டித் தூக்கத்திடம் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, எது யாருக்கு? மீட்டிங்குக்கு நடுவே என்றால் காபி. ராத்திரி சரியாகத் தூங்காதவருக்குத் தூக்கம். வண்டி ஓட்டும்போது சொக்கினால் ஓரமாக நிறுத்தி, காபியைக் குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள். எழும்போது கஃபீனும் வேலையைத் தொடங்கியிருக்கும்.