டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா? ட்ரோலிங் மோட்டாரின் ஒயரிங் கோளாறைப் பிடிப்பது எப்படி

எண்ணூர் கழிமுகத்தில் மாமாவின் சின்ன ஃபைபர் படகு 12 வோல்ட் ட்ரோலிங் மோட்டாரில்தான் (பேட்டரியில் ஓடும் சின்ன படகு மோட்டார்) ஓடுகிறது. ஒருநாள் விடியற்காலை முதல் வேகத்தில் ஒழுங்காகப் போனது. ஐந்தில் வைத்தால் முனகியதே தவிர தண்ணீரைத் தள்ளவில்லை. மோட்டார் பக்க முனையில் மல்டிமீட்டரை வைத்தேன், 12.6 காட்டியது. "ஒயர் நல்லாத்தான் இருக்கு மாமா, மோட்டார்தான் போயிடுச்சு" என்று சொன்னேன். அது தவறு. ஒயரில்தான் கோளாறு.

மோட்டாரை ஓட்டாமல் வோல்டேஜ் பார்த்ததுதான் பிழை. மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் இல்லாததற்குச் சமம். ஒயரின் இழைகளெல்லாம் அற்று ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்கு 12.6 கிடைத்துவிடும். ஆனால் 55 பவுண்டு (எடையல்ல, தள்ளுவிசை) மோட்டார் முழு வேகத்தில் ஏறக்குறைய 50 ஆம்பியர் கேட்கும்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் டெஸ்ட் லேம்ப்பைத்தான், அதாவது இரண்டு ஒயர் கட்டிய பல்ப்பைத்தான், எடுப்பார்கள். அது நியாயமான பழக்கம். 21 வாட் பல்ப் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுப்பதால், மீட்டரை ஏமாற்றும் மிக மோசமான இணைப்புகள் பல்ப்பிடம் மாட்டிக்கொள்ளும். 55 வாட் ஹெட்லைட் பல்ப் இன்னும் நல்லது, நாலரை ஆம்பியர் இழுக்கும். ஆனாலும் மோட்டாரின் பத்தில் ஒரு பங்குதான். பாதி கெட்ட இணைப்பில் அது பளிச்சென்றே எரியும். மாமாவின் படகிலும் எரிந்தது.

ஒயரில் தொடர்பு இருந்தால் மீட்டர் எழுப்பும் பீப் சத்தம், அறவே அறுந்த ஒயருக்கும் போன ஃப்யூஸுக்கும் போதும், அதுவும் பேட்டரியைக் கழற்றிவிட்டு. 50 ஆம்பியரில் 0.02 ஓம் இருந்தாலே ஒரு வோல்ட் போய்விடும். மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே அதைவிட அதிக ஓம் உண்டு, பிறகு எங்கே தெரியும்?

என் ஓட்டு, ஓடும்போதே வோல்டேஜ் இழப்பை அளக்கும் முறைக்கு. படகைக் கரையில் கயிறு போட்டு இறுகக் கட்டுங்கள். விசிறி தண்ணீருக்குள் இருக்க வேண்டும், வெளியே சுற்றினால் சுமையே கிடையாது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் ப்ளஸ் ஈயக் கட்டையிலேயே வையுங்கள் (கிளாம்ப்பின் மேல் அல்ல), மறுமுனையை மோட்டாருக்குள் போகும் ப்ளஸ் ஒயரில். மீட்டர் ஒயர் எட்டாது. நான்கு மீட்டர் மெல்லிய ஒயர் சேர்த்துக்கொள்ளலாம், அதில் கரண்ட் ஓடாது. இப்போது ஐந்தாம் வேகம். மீட்டர் காட்டுவது வழியில் தொலையும் வோல்டேஜ். மைனஸ் பக்கமும் இப்படியே. இரண்டும் சேர்ந்து 0.36க்குள், அதாவது 12இல் 3 சதவீதத்துக்குள் இருந்தால் ஒயரிங் நன்றாக இருக்கிறது.

எங்களுக்கு ப்ளஸ் பக்கத்தில் மட்டும் 3.1. மோட்டார் பக்க முனையை பேட்டரியை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினேன். பிரேக்கரின் லக்கை (ஒயர் முனையில் பொருத்தும் உலோகக் காது) தாண்டியதும் அளவு விழுந்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. அந்த ஓர் இடத்தில் நூறு வாட்டுக்கு மேல் சூடாகியிருக்கிறது, ரிச்சி தெருவில் கிடைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் நான்கை ஒன்றாக வைத்த மாதிரி. ஃபைபர் படகில் இது தீ விபத்து வரை போகும். வேகம் குறைந்ததைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஒயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லும், எந்த இடத்தில் கெட்டது என்று சொல்லாது. மலிவானவற்றில் பல ஏசி கரண்டை மட்டுமே அளக்கும், கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் வேகம் மட்டும் ஓடி, ஒன்று முதல் நான்கு வரை ஓடாவிட்டால் ஒயரைத் தேட வேண்டாம். ஸ்பீடு காயிலையோ (குறைந்த வேகங்களுக்காகக் கரண்டைக் குறைக்கும் கம்பிச் சுருள்) வேக சுவிட்சையோ பாருங்கள்.

மாமாவின் படகில் பளபளக்கும் செம்பு வரும்வரை ஒயரை வெட்டினோம். புது லக்கை அழுத்திப் பொருத்தி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு மூடினோம். மறுபடி கயிறு கட்டி அளந்தபோது 0.2.