பினியன் பேரிங்கா, சக்கர பேரிங்கா: பிக்கப்பின் பின்பக்க இரைச்சலைப் பிரித்தறிதல்

பிக்கப் வண்டியின் பின்புறத்திலிருந்து இரைச்சல் கேட்டதுமே டிஃபரன்ஷியலை (எஞ்சினின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியை) பிரிக்கச் சொல்வது அவசரமான முடிவு என்றே கருதுகிறேன்; ஏனெனில், அதனுள் விசையைக் கொண்டுவரும் சிறு பல்சக்கரமான பினியனைத் தாங்கும் பேரிங்கின் தேய்மானமும் சக்கர பேரிங்கின் தேய்மானமும் இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் கேட்கும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது சுழலும் வேகம். ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டிகளில் காணப்படும் 3.73 விகித அமைப்பில், பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 41 பற்களும் பினியனில் 11 பற்களும் இருப்பதால், சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் பினியன் ஏறக்குறைய நான்கு முறை சுழன்றுவிடுகிறது. ஆகவே பினியன் பேரிங்கின் ஒலி சற்று உயர்ந்த சுருதியில் விரைந்து எழும்; ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அது மாறவும் கூடும். சக்கர பேரிங்கோ கனத்த உறுமலாகவே ஒலிக்கும். ஆக்சிலரேட்டருக்கு அது பெரிதாக அசைந்துகொடுக்காது.

வெறிச்சோடிய சாலையில் மிதமான வேகத்தில் ஸ்டீயரிங்கை மெல்ல இடப்புறம் திருப்பும்போது எடை வலப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால் வலப்பக்கச் சக்கர பேரிங்கையே முதலில் ஐயப்பட வேண்டும். பினியன் இந்தத் திருப்பத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. சாலைப் பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால், அது டயரின் ஒலியாக இருக்கலாம்.

பினியன் பக்கம் சந்தேகம் வலுத்தால், ஆயிலை வடித்து அதில் உலோகத் துகள் கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு, பினியனின் முகப்புத் தட்டை (இயக்கத் தண்டு வந்து இணையும் தட்டை) கையால் மேலும் கீழுமாகவும் முன்னும் பின்னுமாகவும் ஆட்டிப் பார்க்க வேண்டும். அங்கே சிறு தளர்ச்சி தெரிந்தாலும் வண்டியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது.